பூச்சட்டி வைத்தால் காற்று சுத்தமாகுமா?

தோட்டத்து ஆபீசிலும் பிள்ளை மடுவத்திலும் மூலையில் ஒரு மணி பிளாண்ட் சட்டி வைப்பது நல்ல வழக்கம்தான். பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் "இந்தச் செடி காத்துல இருக்கிற நஞ்சையெல்லாம் இழுத்துரும்" என்று சிலர் சொல்கிறார்கள். அதை நம்பி ஜன்னலை மூடி வைப்பவர்களும் உண்டு. இது சரிதானா?

பேச்சு எங்கிருந்து வந்தது?

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989ஆம் ஆண்டு ஓர் ஆய்வு அறிக்கையை வெளியிட்டது. விண்வெளி நிலையத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. உள்ளே சேரும் இரசாயன ஆவியைக் குறைக்கச் செடிகள் உதவுமா என்று பில் வொல்வர்ட்டன் என்ற விஞ்ஞானி ஆராய்ந்தார். காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், போமல்டிஹைட் போன்றவற்றின் ஆவியை உள்ளே விட்டார். ஆவி குறைந்தது. இலை மட்டுமல்ல, வேரடி மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் இந்த வேலையைச் செய்கின்றன என்றும் தெரிந்தது.

பெட்டி வேறு, காம்பரா வேறு

அந்த ஆய்வு பொய்யல்ல. ஆனால் நாம் இருப்பது மூடிய பெட்டிக்குள் அல்லவே! கதவு இடுக்கு, கூரை இடைவெளி வழியாகக் காற்று வந்து போய்க்கொண்டே இருக்கிறது. செடி மெதுவாக இழுப்பதைவிட அந்தக் காற்று பல மடங்கு வேகமாக நஞ்சை வெளியே கொண்டுபோகிறது.

2019இல் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வேரிங் என்ற இருவர் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சாதாரணக் கட்டடத்தின் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று கண்டார்கள். நமது 10 அடிக்கு 12 அடி காம்பரா ஏறக்குறைய 11 சதுர மீட்டர். குறைந்த கணக்குப்படியே 110 சட்டிகள்! பிறகு நாம எங்கே நிற்கிறது?

நஞ்சு எங்கிருந்து வருகிறது?

புதிய பலகை அலுமாரியின் பசையிலிருந்து போமல்டிஹைட் வரும். பெற்றோலில் பென்சீன் இருக்கிறது. விறகுப் புகையில் இவை இரண்டுமே உண்டு. புதிதாக அடித்த பெயின்டிலிருந்தும் கொசுவர்த்திப் புகையிலிருந்தும் கெட்ட ஆவிகள் வருகின்றன. மலையில் மருந்தடித்துவிட்டு வருபவரின் உடுப்பிலும் மருந்து ஒட்டியிருக்கும்.

நாம் செய்யக்கூடியது

1. குளிர் என்று நாள் முழுக்க அடைத்து வைக்காதீர்கள். எதிரெதிரே உள்ள கதவையும் ஜன்னலையும் கொஞ்ச நேரமாவது திறந்து விடுங்கள். சமைக்கும்போது கட்டாயம் திறக்க வேண்டும்.

2. பிள்ளை மடுவத்துக்குப் பெயின்ட் அடித்தால், வாடை போகும்வரை பிள்ளைகளை வேறு இடத்தில் வைத்திருக்கும்படி கேளுங்கள்.

3. புல்லு மருந்து, மருந்து டேங்க், பெற்றோல் கேன் எதையும் லயத்துக்குள் கொண்டுவரக் கூடாது. மருந்து வைக்கும் காம்பரா தனியாக, காற்றோட்டத்தோடு, பூட்டுப் போட்டு இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் துரையிடமோ தலைவரிடமோ பேசுங்கள்.

4. மருந்தடித்த உடுப்பை வீட்டுக்குள் தொங்கவிடாதீர்கள். மற்ற உடுப்போடு சேர்க்காமல் வெளியே தனியாகக் கழுவுங்கள்.

5. இரவில் குளிர் காயத் தணல் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கவே கூடாது. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். பக்கத்தில் எத்தனை செடி இருந்தாலும் அதை நம்ப முடியாது.

செடி வேண்டாமா?

தாராளமாக வையுங்கள். மனதுக்குச் சந்தோஷம்தானே. ஆனால் போத்தல் தண்ணீரில் மணி பிளாண்ட் வளர்ப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது போத்தலைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்ற வேண்டும். சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிடுவது இப்படிப்பட்ட தண்ணீரில்தான். 2017இல் நம் நாட்டில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு நோய் கண்டது.

செடி அழகுக்கு, ஜன்னல் ஆரோக்கியத்துக்கு. நஞ்சுப் பொருளோ வீட்டுக்கு வெளியே. இதை லயத்தில் உள்ள எல்லாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.