தீபாவளிப் பட்டாசும் சட்டமும்

தலைநகரில், கோல் மார்க்கெட்டுப் பக்கம் வாழும் தமிழர்களாகிய நமக்குப் பட்டாசு என்றால் சிவகாசிதான். அப்பட்டாசைக் குறித்த சட்டம் அண்மையில் வெகுவாக மாறியுள்ளது.

முன்னர் விதிகள் பெரும்பாலும் ஓசையையே அளந்தன. 2015-இல் தில்லிக் குழந்தைகள் மூவர் சார்பில், தூய காற்று வேண்டித் தந்தையர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அவ்வழக்கில் 2018 அக்டோபர் 23-ஆம் நாள் பிறந்த தீர்ப்பு, பெட்டிக்குள் இருக்கும் மருந்தையே சோதித்தது. பேரியம் உப்புக்களும் சரவெடியும் விலக்கப்பட்டன. புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கே இடம் தரப்பட்டது. வாணத்தில் பச்சை ஒளி தருவது பேரியம். அது பசுமைப் பட்டாசில் இருத்தலாகாது என்பது ஒரு விந்தையே. பேரியத்தை நம்பியிருந்த சிவகாசித் தொழிலாளருக்கோ இது விந்தையன்று, பிழைப்பு.

பசுமை என்றால் புகையே இராது என்று நாம் எண்ணலாகாது. நுண்துகள் சுமார் 30 சதவிகிதம் குறையும், அவ்வளவே. தில்லியில் 2024 டிசம்பரில் ஆண்டு முழுவதற்கும் தடை வந்தது. 2025 அக்டோபர் 15-இல் நீதிமன்றம் அவ்வாண்டுத் தீபாவளிக்கு மட்டும் பசுமைப் பட்டாசை அனுமதித்தது: பண்டிகையன்றும் அதற்கு முந்தைய நாளும், காலை 6 முதல் 7 வரை, இரவு 8 முதல் 10 வரை. எண்ணெய் தேய்த்து நீராடி, விடியலில் வெடி கொளுத்தும் நமக்கு ஒருமணி நேரம் போதாதுதான். எனினும் 2018-இல் முதலில் பிறந்த ஆணையில் இரவு மட்டுமே இருந்தது.

போலிப் பசுமைப் பட்டாசும் உண்டு. ஆதலின் பெட்டியின்மேல் கைபேசியால் படிக்கத்தக்க குறியைச் சோதித்து, ரசீதும் கேட்டுப் பெறுதல் வேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடப்பிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளரிடமும், சில சூழல்களில் விற்றவரிடமும் நாம் இழப்பீடு கோரலாம்.