ரோல் கேப் டூ ரைஃபிள்!

ராஜபாளையம், மம்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பிறந்தவங்களுக்கு தீபாவளித் துப்பாக்கி பத்தி கிளாஸ் எடுக்கத் தேவையில்லை. பக்கத்துலதானே சிவகாசி! ஆனா, அந்தப் பொம்மைத் துப்பாக்கிக்குள்ளயே உலக நாடுகளைத் தலையைப் பிச்சுக்க வைக்கிற ஒரு சட்டப் பிரச்னை ஒளிஞ்சிருக்கு. தெரியுமா பாஸ்?

பொட்டு கேப்பை ஒவ்வொண்ணா வெச்சு, ஒவ்வொரு தடவையும் சுடறோமே... அது சிங்கிள் ஷாட். ரோல் கேப் மாட்டினா, நீங்க ட்ரிக்கரை மட்டும் அழுத்தினா போதும், அடுத்த கேப் தானா வந்து நிக்கும். ஒரு அழுத்து, ஒரு வெடி. இதுதான் செமி ஆட்டோமேட்டிக்! அழுத்தின விரலை எடுக்கிற வரைக்கும் படபடன்னு பொரிஞ்சா, அது ஃபுல் ஆட்டோமேட்டிக்.

என்.சி.சி.யில இருக்கிறவங்களுக்கு இன்னும் ஈஸியா புரியும். நீங்க ஃபயரிங் ரேஞ்சுல பிடிக்கிற பாயின்ட் 22 ரைஃபிள் 'போல்ட் ஆக்‌ஷன்'. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, பூட்டணும். எஸ்.எல்.ஆர். ரைஃபிள்ல அந்த வேலையே கிடையாது. அந்தப் பேர்லயே இருக்கு பாருங்க, 'செல்ஃப் லோடிங்'!

நம்ம ஊர் கணக்கு

இந்தியாவுல துப்பாக்கிக்கு 'பயோடேட்டா' எழுதறது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டமும், 2016-ல் வந்த ஆயுத விதிகளும். 'பார்க்க எவ்ளோ டெரரா இருக்கு'ங்கிறதைச் சட்டம் கண்டுக்கிறதே இல்லை. அது கேட்கிறது முக்கியமா ரெண்டே கேள்வி. அடுத்த குண்டு எப்படி மேலே வருது? உள்ளே போறது என்ன தோட்டா?

* ஃபுல் ஆட்டோமேட்டிக்: தடை செய்யப்பட்டது. சாமானியருக்கு 'நோ சான்ஸ்'.
* செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்: கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்து வாங்கிட முடியாது. மத்திய உள்துறை அமைச்சகம் மனசு வைக்கணும்.
* செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்: பாயின்ட் 32 மாதிரி அனுமதிக்கப்பட்ட ரகம்னா, கலெக்டர் தர்ற சாதாரண லைசென்ஸே போதும்.

என்னது, பிஸ்டலுக்கு ஓகே, ரைஃபிளுக்கு நோவா? அட, இன்னும் இருக்கு! பாயின்ட் 303-யும், பாயின்ட் 315-ம் போல்ட் ஆக்‌ஷன்தான். குண்டோட குறுக்களவுல 315-தான் பெருசு. ஆனா 315-க்கு சாதாரண லைசென்ஸ், 303-க்கு டெல்லி வரைக்கும் போகணும். காரணம் சிம்பிள். 303 ராணுவத் தோட்டா. வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே 'சிப்பாய் சுடற தோட்டா ஜனங்க கையில இருக்கக் கூடாது'ங்கிற பயம். வெள்ளைக்காரன் போயாச்சு, பயம் மட்டும் ரூல் புக்கிலேயே தங்கிடுச்சு!

கனடா கணக்கு வேற!

கனடாவுக்குப் படிக்கப் போன உங்க சீனியர், 'மச்சி, இங்க கடையிலயே ரைஃபிள் தொங்குதுடா'ன்னு போட்டோ அனுப்பியிருக்கலாம். நிஜம்தான். அங்கே பாதுகாப்புப் பயிற்சி முடிச்சு, டெஸ்ட் பாஸாகி, போலீஸ் விசாரணை தாண்டினா லைசென்ஸ் கிடைக்கும். வேட்டை அங்கே பலருக்கு வாழ்க்கையோட ஒரு பகுதி.

ஆனா கணக்கு நமக்கு நேர் எதிர். கைத்துப்பாக்கின்னா அங்கே கெடுபிடி ஜாஸ்தி. 2022 அக்டோபர் 21 முதல் தனியாட்கள் புதுசா வாங்க, விற்கவே கிட்டத்தட்ட பூட்டு! செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கோ ஸ்கேலை எடுத்து அளப்பாங்க. குழல் நீளம் 470 மில்லிமீட்டருக்குக் குறைஞ்சா 'கட்டுப்பாடு' பிரிவு. அதுக்கு மேல, தடைப் பட்டியல்ல பேரும் இல்லைன்னா, ரொம்ப காலம் சாதாரணப் பிரிவு. பெரிய தோட்டான்னா மேகஸின்ல 5 குண்டுதான்.

இந்த அளவுகோல் சரியா? இதுக்கு ஒரு கல்லூரி வளாகம் ரத்தத்தால பதில் எழுதியிருக்கு. 1989 டிசம்பர் 6. மான்ட்ரியல் நகரத்து எக்கோல் பாலிடெக்னிக் இன்ஜினியரிங் காலேஜ். உள்ளே புகுந்த ஒருத்தன், பொண்ணுங்களைத் தனியா பிரிச்சு நிக்க வெச்சு சுட்டான். அன்னிக்கு இறந்துபோனது 14 பெண்கள். பெரும்பாலானவங்க நம்மள மாதிரி ஸ்டூடண்ட்ஸ். அவன் கையில இருந்தது மினி-14. பார்க்க சாதுவான ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்.

அந்தச் சோகத்துக்குப் பிறகு 1995-ல் புதுச் சட்டமே வந்துச்சு. ஆனா மினி-14 அப்பவும் சாதாரணப் பிரிவுலயே நின்னுச்சு! 2020 ஏப்ரல்ல நோவா ஸ்கோஷியாவுல 22 பேர் கொல்லப்பட்ட பிறகு, மே 1-ம் தேதி சுமார் 1,500 மாடல்களை ஒரே அடியா தடை பண்ணினாங்க. அதுலதான் மினி-14-ம் மாட்டிச்சு. 30 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு பாஸ்! அப்பவும் பழைய ராணுவ ரகமான எஸ்.கே.எஸ். அந்தப் பட்டியல்ல இல்லை. 'ரெண்டுமே செமி ஆட்டோமேட்டிக்தானே? ஒண்ணுக்குத் தடை, இன்னொண்ணுக்கு ஏன் இல்லை?'ன்னு அங்கே சண்டை கிளம்பிச்சு. 303, 315 கதை ஞாபகம் வருதா? எந்த நாட்டுலயும் சட்டம் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு குழப்பம் நிக்கும்.

ஏர்கன்தானே... என்ன ஆகப் போகுது?

இப்போ உங்க விஷயத்துக்கு வருவோம். 'லைசென்ஸ் தேவையில்லை'ன்னு ஆன்லைன்ல ஏர்கன் விளம்பரம் பார்த்திருப்பீங்க. பாதி உண்மை! குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ள, ஆற்றல் 20 ஜூலுக்குள்ள இருந்தாதான் அந்தச் சலுகை. இதுல எது தாண்டினாலும் லைசென்ஸ் கட்டாயம். ஜூல்னா என்னன்னு பிளஸ் டூ பிசிக்ஸ்ல படிச்சதுதான். பெல்லட்டோட இயக்க ஆற்றல். பரீட்சையில தப்பா போட்டா ரெண்டு மார்க் போகும். இங்கே தப்பா போட்டா? லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 2019-ல் திருத்தின சட்டப்படி குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில்.

சலுகைக்குள்ள இருக்கிற ஏர்கன்னாலும், அதைத் தூக்கிட்டு செண்பகத்தோப்பு பக்கம் 'சும்மா ஜாலியா' கிளம்பிடாதீங்க. 1988-ல் இருந்து அது சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாவும் ஆயிடுச்சு. சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம ஆயுதம் கொண்டு போறதே குற்றம், சுடவே வேணாம்! மயிலையோ அணிலையோ சுட்டா, குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம். கேம்பஸ் இன்டர்வியூ, பாஸ்போர்ட், சீனியர் கூப்பிடற கனடா... எல்லாத்துக்கும் நடுவுல அந்த ஒரு எஃப்.ஐ.ஆர். வந்து நிக்கும்.

சுடணும்னு ஆசையா?

தப்பே இல்லை. ராஜபாட்டையே இருக்கு!

* காலேஜ்ல என்.சி.சி. இருந்தா சேருங்க. அரசாங்கத் துப்பாக்கி, அரசாங்கத் தோட்டா, சொல்லித்தர ராணுவக்காரர். 'சி' சர்டிபிகேட் பின்னாடி வேலைக்கும் உதவும்.
* ரைஃபிள் கிளப்புல சேருங்க. லைசென்ஸுக்கு 21 வயசு ஆகணும். ஆனா போட்டிக்காகப் பயிற்சி எடுக்க விதிகளின்படி 12 வயசே போதும்.
* பத்து மீட்டர் ஏர் ரைஃபிளைக் குறைச்சு எடை போடாதீங்க. 4.5 மில்லிமீட்டர் பெல்லட்தான். அதை வெச்சுத்தான் அபினவ் பிந்த்ரா 2008 பீஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் சுட்டார்.

ஆக, ட்ரிக்கர்ல விரல் வைக்கிறதுக்கு முன்னாடி ரூல் புக்குல ஒரு கண் வைங்க. குறி தப்பினா திரும்பவும் சுடலாம், சட்டம் தப்பினா திரும்ப வர்றது கஷ்டம் மக்கா!