கரை தட்டாத கடல்

உலக உருண்டையில் தெற்கு 60 பாகையில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எந்தக் கரையும் தட்டாது. புறப்பட்ட இடத்துக்கே விரல் திரும்பும்வரை வெறும் தண்ணீர்தான். அந்தச் சுற்றின் மிகக் குறுகலான இடம் டிரேக் கடல்வழி. வடக்கே சிலியின் ஹார்ன் முனை, தெற்கே அன்டார்க்டிகாவை ஒட்டிய தென் ஷெட்லாண்ட் தீவுகள். நடுவில் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். பசிபிக்கும் அட்லாண்டிக்கும் அங்கே சேர்கின்றன.

அலை வளர மூன்று வேண்டும்: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தண்ணீர் மேல் அது ஓடும் தூரம். மற்ற கடல்களில் மூன்றாவதைக் கண்டங்கள் அறுத்துவிடும். இங்கே அறுக்க நிலமே இல்லை. மேற்குக் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்த அலைகள் இந்த இடுக்கில் நுழைகின்றன. பத்து மீட்டர் அலை இங்கே அதிசயமில்லை. கூடவே, பூமியை முழுச்சுற்றுச் சுற்றும் ஒரே நீரோட்டமும் இதன் வழியாகத்தான் போகிறது: நொடிக்கு 13 கோடி கன மீட்டருக்கும் மேல். உலகத்து ஆறுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் இதில் நூறில் ஒரு பங்குதான் தேறும்.

1788இல் பவுண்டி கப்பலின் தலைவர் பிளை, ஹார்ன் முனையைக் கடக்க ஒரு மாத காலம் எதிர்காற்றோடு போராடினார். முடியவில்லை. தஹிட்டிக்குப் போக வேண்டியவர், கப்பலைத் திருப்பி ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வழியாகப் போனார். அவ்வளவு நெடிய சுற்று எளிதாகத் தெரிந்திருக்கிறதென்றால் கடலின் மூர்க்கத்தை ஊகித்துக்கொள்ளலாம். (கடல்வழிக்குப் பெயர் தந்த மாலுமி டிரேக்கே இந்த வழியில் போனதில்லை. 1578இல் புயல் அவரைத் தெற்கே தள்ளியது, அவ்வளவுதான். 1616இல் முதலில் கடந்தவர்கள் டச்சுக்காரர்களான ஸ்கௌட்டனும் லெ மேரும்.)

தென்னமெரிக்காவும் அன்டார்க்டிகாவும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தவை. அவை விலகி இந்த வழி திறந்த பிறகே நீரோட்டம் வளையமாகி, வெப்பமண்டலத்து வெதுவெதுப்பான தண்ணீரைத் தெற்கே வரவிடாமல் தடுத்தது. 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அன்டார்க்டிகா உறைந்ததற்கு இதுவே காரணமா, காற்றில் கரியமில வாயு குறைந்ததா என்ற வாதம் ஓயவில்லை. இரண்டுக்கும் பங்குண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மனிதர் அஞ்சும் அந்தக் காற்றில்தான் ஆல்பட்ராஸ் பறவை வாழ்கிறது. பெரிய இனங்களுக்குச் சிறகு விரிந்தால் மூன்று மீட்டர். அலையை ஒட்டிக் காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசும். அந்த வேறுபாட்டில் ஏறி இறங்கியே, சிறகடிக்காமல் பல மணி நேரம் பறக்கும். காற்று நின்றுபோனால், தண்ணீரில் உட்கார்ந்து அது திரும்ப வரும்வரை காத்திருக்கும்.