பூஜ்ஜியத்தில் உட்கார்ந்திருக்கும் முறுக்கு

அலமாரியில் நான்கு டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன: முறுக்கு, அதிரசம், சீடை, தட்டை. முறுக்கு எத்தனையாவது டப்பாவில்? முதல் டப்பா என்பீர்கள். பைத்தான் என்ற கணினி மொழியோ, "பூஜ்ஜியம்" என்று சாதிக்கும்.

அதற்கு எண்ணத் தெரியாது என்று சிரித்துவிடாதீர்கள். நாம் கேட்பது 'எத்தனையாவது?' அது கேட்டுக்கொள்வது 'எத்தனை டப்பாவைத் தாண்ட வேண்டும்?' முறுக்குக்கு எதையும் தாண்ட வேண்டாம், அதனால் 0. தட்டைக்கு மூன்றைத் தாண்ட வேண்டும். உங்கள் ஸ்கேலும் 0-வில்தானே தொடங்குகிறது!

பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

பலகாரம் = ["முறுக்கு", "அதிரசம்", "சீடை", "தட்டை"]

இப்படித் தட்டிவிட்டு, பலகாரம்[2] என்று கேட்டால் சீடை வரும். சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்தான் சுட்டெண். பலகாரம்[4] என்று கேட்டுப் பாருங்கள், அப்படியொரு டப்பாவே இல்லை என்று பிழை காட்டும்.

தாண்டுவதை ஏன் எண்ண வேண்டும்? கணினியின் நினைவகத்தில் நம் பட்டியல் 1000-ஆம் இடத்தில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய 64 பிட் கணினியில் பட்டியலின் ஒவ்வொரு அறையும் 8 பைட். சீடையின் அறை 1000 + 2 × 8, அதாவது 1016. ஒரே பெருக்கல், ஒரே கூட்டல், நேராகப் போய் நின்றுவிடலாம். (உண்மையில் அறைக்குள் சீடை இருக்காது, சீடை இருக்கும் இடத்தின் விலாசம்தான் இருக்கும். பசியோடு திறந்தால் ஏமாற்றம்!)

எல்லா மொழிகளும் இப்படியில்லை. 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் 1-இலிருந்து எண்ணியது. லுவா இன்றும் அப்படித்தான். நெதர்லாந்துக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இல் பூஜ்ஜியத்துக்காக வாதாடி ஒரு குறிப்பே எழுதினார். பலகாரம்[1:3] என்று வெட்டினால் அவர் வாதம் புரியும். தொடக்கமான 1 சேரும், முடிவான 3 சேராது. அதிரசமும் சீடையும் கிடைக்கும். எத்தனை கிடைத்தது? 3 − 1 = 2. விரல்விட்டு எண்ணவே வேண்டாம். பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் முழுப் பட்டியலும் பலகாரம்[0:4], முடிவான 4-தான் டப்பாக்களின் எண்ணிக்கை.

கடைசி டப்பா வேண்டுமா? பலகாரம்[-1]. பின்னாலிருந்து எண்ணும்போது மட்டும் ஏன் 1-இல் தொடங்குகிறது? −0 என்றாலும் 0-தான், மறுபடி முறுக்கே வந்து நிற்கும்!

சொற்களையும் பைத்தான் இப்படித்தான் வரிசையாகப் பார்க்கிறது. "விகடகவி" என்ற சொல்லைத் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான். பைத்தானிடம் "விகடகவி"[::-1] என்று கொடுங்கள், பின்னாலிருந்து முன்னால் வாசிக்கும். வருவது:

ிவகடகிவ

நமக்கு 'வி' ஓர் எழுத்து. பைத்தானுக்கு 'வ' ஓர் அறை, அதன் மேல்விலங்கு இன்னோர் அறை. ஆக நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு அறை. திருப்பும்போது ஒரு மேல்விலங்கு முன்னால் போய் அந்தரத்தில் தொங்குகிறது, இன்னொன்று பக்கத்து 'க'வின் தலையில் ஏறிக்கொண்டது.

உங்கள் பெயரைத் திருப்பினால் என்ன ஆகும்? முதலில் தாளில் அறை அறையாக எழுதிக் கண்டுபிடியுங்கள், அப்புறம் பைத்தானிடம் கேளுங்கள்.