கையில் இரட்டை ஏஸ்... ஆடத் தெரியுமா?

கொல்லிமலைக்குப் போகிறவர்களின் பையில் பெரும்பாலும் ஒரு சீட்டுக்கட்டு இருக்கும். ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு வந்த குளிர்ந்த சாயங்காலத்தில், இந்த முறை ரம்மிக்குப் பதில் போக்கர் போட்டுப் பாருங்கள்!

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடியபடி. நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று (இதுதான் ஃப்ளாப்), பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. ஏழில் சிறந்த ஐந்து உங்கள் கை. 'நோ லிமிட்' என்றால், உங்கள் முறை வரும்போது முன்னால் இருக்கும் பந்தயக் குவியலை மொத்தமாகத் தள்ளலாம். மூடிய இரண்டும் ஜோடியாக வந்தால் அது பாக்கெட் பேர். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கேதான் அதிசயங்கள் ஆரம்பம்!

இரட்டை ஏஸ் எத்தனை அபூர்வம் தெரியுமா?

52 சீட்டிலிருந்து இரண்டை எடுக்க 1,326 வழிகள். இரண்டும் ஏஸாக அமைவது வெறும் 6 வழிகளில்! அதாவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வளைவுக்கு ஓர் ஆட்டம் போடுங்கள். மேலே போய், கீழே இறங்கி, மறுபடி ஏறினாலும் 210 ஆட்டம்தான்; இன்னும் 11 பாக்கி! ஏதாவது ஒரு ஜோடி போதும் என்றால், 17 ஆட்டத்துக்கு ஒரு தடவை வரும்.

வல்வில் ஓரியால் முடிந்தது, இரட்டை ஏஸால் முடியாது. தெரியுமா?

செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரி இந்த மலையை ஆண்டவன். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு பாடுகிறது. போக்கரில் ஐந்து பேரை எதிர்த்தால் இரட்டை ஏஸே தடுமாறும்! எதிரே ஒருவர், அவர் கையில் எந்தச் சீட்டும் இருக்கலாம் என்றால், கடைசிவரை போனால் நீங்கள் ஜெயிக்க 85 சதவீத வாய்ப்பு. இரண்டு பேர் என்றால் 73. மூன்று பேர் என்றால் 64. ஐந்து பேர் உள்ளே வந்துவிட்டால் 49, பாதிக்கும் கீழே! ஒன்பது பேர் இருந்தால் வெறும் 31. ஆட்டத்திலேயே பெரிய கைக்கு இந்த கதி!

அதனால்தான் பந்தயத்தை ஏற்ற வேண்டும், தெரியுமா?

நல்ல ஜோடி வந்ததும் பலர் பதுங்குவார்கள். பொறி வைப்பதாக நினைத்து, எல்லாரையும் மலிவாக உள்ளே விட்டுவிடுவார்கள். அது தப்பு! காசுக்குப் பதில் கொல்லிமலை மிளகை வைத்து ஆடுங்கள். சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்தான் பிளைண்ட்: சின்ன பிளைண்ட் 1 மிளகு, பெரிய பிளைண்ட் 2 மிளகு. உங்கள் முறை வந்ததும் 6 மிளகாக ஏற்றுங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது 2 மிளகு போட்டு நுழைந்திருந்தால் ஆளுக்கு இன்னும் 2 சேர்த்து ஏற்றுங்கள். எதிரே ஓரிருவர் மட்டும் மிஞ்சுவார்கள். மிஞ்சியவர்களும் நல்ல விலை கொடுத்து வருவார்கள்.

இதை இயந்திரமும் ஒப்புக்கொள்கிறது! 2019-ல் 'ப்ளூரிபஸ்' என்ற செயற்கை நுண்ணறிவு, ஆறு பேர் ஆடும் நோ லிமிட் போக்கரில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. தனக்குத் தானே ஆடி ஆடி அது கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்று: சின்ன பிளைண்டில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் ஏற்றாமல் சும்மா நுழைவது நஷ்டம்.

ராஜா ஜோடியின் பயம் என்ன தெரியுமா?

ஏஸ்தான்! நீங்கள் ராஜா ஜோடி வைத்திருந்தால், ஃப்ளாப்பில் ஏஸ் வர 23 சதவீத வாய்ப்பு. ராணி ஜோடி என்றால் ஏஸோ ராஜாவோ வர 41 சதவீதம். ஜாக்கி ஜோடி என்றால் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வர 57 சதவீதம்! ஜாக்கியை ஆட இத்தனை பேர் திணறுவது இதனால்தான். ஆனால் எதிரே இருக்கும் ஒருவரிடம் இரட்டை ஏஸ் இருக்குமோ என்று ராஜாவை மடக்கிவிடாதீர்கள். சீட்டு போட்ட கையோடு பார்த்தால், அதற்கு வாய்ப்பு 204-ல் ஒன்றுதான்!

குவியலைப் பார்த்தா முடிவெடுப்பது? ஆமாம்!

நீங்கள் 6 மிளகாக ஏற்ற, பெரிய பிளைண்ட் மட்டும் ஈடு கட்டுகிறார். சின்ன பிளைண்டின் 1 மிளகும் சேர்ந்து நடுவில் 13. ஆளுக்கு 40 மிளகோடு தொடங்கியிருந்தால் கையில் மிச்சம் 34. ஃப்ளாப்பில் உங்கள் ஜோடியைவிடப் பெரிய சீட்டு விழவில்லையா? தயங்காமல் எல்லாவற்றையும் தள்ளலாம். அதே ஆட்டத்தை 200 மிளகோடு தொடங்கியிருந்தால் மிச்சம் 194! இப்போது எதிராளி அத்தனையையும் உள்ளே தள்ளுகிறார் என்றால் உஷார். சின்ன ஜோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பிலேயே அந்த எண்ணில் மூன்றாவது சீட்டு விழ கிட்டத்தட்ட 12 சதவீத வாய்ப்பு உண்டு. ஏஸாக இருந்தாலும் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஜோடி. அதே சீட்டு, வேறு முடிவு!

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா?

ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளுக்கும் தடை விதித்தது. திருவள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி எச்சரித்த மண் இது. சீட்டில் தொலைத்த காசால் நொடித்துப்போன குடும்பங்களை நம் ஊர்களிலேயே பார்த்திருக்கிறோம்.

ஆகவே கணக்கை ரசியுங்கள், நல்ல ஜோடி வந்தால் துணிந்து ஏற்றுங்கள். பணத்தை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள்!