பச்சை குத்தும் முன்னும், குத்திய பின்னும்



கடந்த ரபீஉல் அவ்வலில் நமது அறக்கட்டளை நடத்திய இரத்ததான முகாமில் ஒரு இளைஞர் படிவம் நிரப்ப வந்தார். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருப்பவர். நமது மஹல்லாவில் வளர்ந்த பிள்ளை. "கடந்த ஒரு வருடத்தில் உடம்பில் பச்சை குத்தியிருக்கிறீர்களா?" என்று செவிலியர் கேட்டதும், முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் பிடித்தபடி பதில் சொல்லாமல் நின்றார். குத்தி 7 மாதம் ஆகிறது என்று பிறகு சொன்னார். 12 மாதம் முடியாமல் இரத்தம் எடுக்க முடியாது என்று செவிலியர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வாசலில் அவரைப் பிடித்துத் தேநீர் கொடுத்து உட்கார வைத்தோம். அப்போது அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "இரத்தம் எடுக்க மாட்டாங்கன்னு இப்பதான் தெரியும் மாமு. தொழுகை கூடாதுங்கறது மட்டும் முன்னாடியே தெரியும். அதான் பள்ளிக்கே வர்றதில்ல." ரமளானில் நோன்பு வைத்திருக்கிறார், தராவீஹுக்கு வரவில்லை. 7 மாதமாக ஜும்ஆ இல்லை. தொழுகை கூடாது என்று யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும்தான் சொல்றாங்க" என்றார்.

எனவே இங்கே இரண்டு விஷயங்களைப் பேச வேண்டியிருக்கிறது. குத்தலாமா என்று யோசிப்பவருக்கு ஒன்று, ஏற்கனவே குத்திவிட்டவருக்கு இன்னொன்று. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம்.

யோசித்துக்கொண்டிருப்பவருக்கு முதலில். இதில் சுற்றி வளைக்க ஏதுமில்லை. பச்சை குத்திவிடுபவரையும் குத்திக்கொள்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்ற செய்தி ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. இப்னு உமர் (ரலி), இப்னு மஸ்ஊத் (ரலி) போன்ற நபித்தோழர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஹதீஸில் வரும் அரபுச் சொற்கள் பெண்பாலில் இருப்பதைக் காட்டி, "இது பெண்களுக்குத்தானே" என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். அக்காலத்தில் இது பெரும்பாலும் பெண்களின் வழக்கமாக இருந்ததால் சொல் அப்படி அமைந்தது. சட்டம் ஆணுக்கும் அதுவே என்பது ஆலிம்களின் விளக்கம். சிறிய நட்சத்திரமானாலும் முழங்கை நிறைய வரைந்த சித்திரமானாலும் இதில் வேறுபாடு இல்லை.

"குர்ஆனில் எங்கே இருக்கிறது?" என்ற கேள்வியும் வருகிறது. இது புதிய கேள்வி அல்ல. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் பனூ அஸத் குலத்தைச் சேர்ந்த உம்மு யஅகூப் என்ற பெண்மணி நேரில் வந்து இதையே கேட்டார். அவர் குர்ஆனை நன்கு ஓதியவர். முழுவதும் ஓதிவிட்டேன், இதைக் காணவில்லையே என்றார். இறைத்தூதர் தருவதை எடுத்துக்கொள்ளவும் தடுப்பதை விட்டு விலகவும் கட்டளையிடும் 59-ஆம் அத்தியாயத்தின் 7-ஆம் வசனத்தை இப்னு மஸ்ஊத் (ரலி) எடுத்துக் காட்டினார்கள். அந்தப் பெண்மணி விடவில்லை. உங்கள் மனைவியே நீங்கள் தடுப்பதில் ஏதோ ஒன்றைச் செய்கிறார் என்று நினைக்கிறேன் என்றார். போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். போய்ப் பார்த்தார், அப்படி ஒன்றும் இல்லை. பெற்றோர்கள் இந்தப் பிற்பகுதியையும் கவனிக்க வேண்டும். கேள்வி கேட்டவர் மீது அந்த நபித்தோழர் எரிந்து விழவில்லை. தம் வீட்டையே சோதித்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நாம் பிள்ளை வாயைத் திறந்ததும் "ஹராம், பேசாதே" என்று முடித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை அடுத்து நம்மிடம் கேட்காது, கடைக்குப் போய்விடும்.

மருதாணி கூடும்போது இது ஏன் கூடாது என்பார்கள். மருதாணி தோலின் மேற்பரப்பில் படிவது. மேல்தோல் தானாக உதிரும்போது கூடவே போய்விடும். பச்சை குத்தும் ஊசியோ மேல்தோலைத் துளைத்து அதன் கீழுள்ள அடுக்கில் மையை இறக்குகிறது. வேற்றுப் பொருள் வந்துவிட்டது என்று உடலின் காப்பு அணுக்கள் ஓடிவந்து அந்த மையை விழுங்குகின்றன. ஆனால் அவற்றால் அதைச் செரிக்க முடிவதில்லை. விழுங்கியபடியே அங்கே தங்கிவிடுகின்றன. ஓர் அணு இறந்தால் அது விட்ட மையை இன்னொன்று எடுத்துக்கொள்கிறது. நாம் வெளியே பார்க்கும் படம் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது.

ஊசி சுத்தமில்லாவிட்டால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. கிருமிகள் பரவ வழியுண்டு. இரத்த வங்கிகள் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். மையும் யோசிக்க வேண்டிய ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை குத்தும் மைகளில் சேர்க்கப்படும் ஆயிரக்கணக்கான இரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. நம் ஊர்க் கடையில் குப்பியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் குத்துபவருக்கே தெரிவதில்லை. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் இளைஞர்களின் நாக்கைப் பிளந்துவிட்டதாகக் கடைக்காரர் கைதாகி, கடைக்கு சீல் வைக்கப்பட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் மருத்துவப் படிப்பு இல்லாத ஒருவர் கையில் உடம்பைக் கொடுக்கிறோம் என்ற நினைவு வேண்டும்.

சீருடைப் பணிக்கு ஆசைப்படும் பிள்ளைகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஆள்தேர்வில், பச்சை குத்திய இடமும் அளவும் பார்க்கப்படுகின்றன. சல்யூட் அடிக்கும் வலது கையில் இருந்தால் மருத்துவச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

சரி, குத்தாமல் மருதாணி வைத்துக்கொள்கிறோம் என்று கறுப்பு மருதாணிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இயற்கையான மருதாணி கறுப்பாக இருக்காது. உடனே கறுப்பாகப் பிடிக்கும் கூம்புகளில் தலைமுடிச் சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற இரசாயனம் கலந்திருப்பதுண்டு. சிலருக்குக் கை கொப்பளித்து, வரைந்த கோலத்தின் வடிவிலேயே தழும்பு நிற்கும். பெருநாளைக்கு வீட்டில் அரைத்து வைப்பதே நல்லது.

இனி அந்த இளைஞரிடம் திரும்புவோம். அவர் நாகரிகத்துக்காகக் குத்தவில்லை. அவருடைய அத்தா திடீரென்று மாரடைப்பில் மவுத்தானார்கள். நாற்பது நாள் கழிந்ததும் வீட்டில் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள், இவரால் முடியவில்லை. அத்தாவின் பெயரை அரபியில் கையில் எழுதிக்கொண்டால் எப்போதும் கூடவே இருப்பார்கள் என்று தோன்றியிருக்கிறது. குத்தியவருக்கு அரபி தெரியாது. கணினியிலிருந்து எடுத்த எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல், இடமிருந்து வலமாகத் தனித்தனியாக விழுந்துவிட்டன. மகன் ஒருநாள் தூங்கும்போது சட்டைக் கை விலகி அம்மா பார்த்திருக்கிறார்கள். தினமும் குர்ஆன் ஓதுகிறவர்கள். தன் கணவர் பெயர்தான் அது என்று அவர்களால் படிக்க முடியவில்லை.

இந்தத் துக்கத்தை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். நாம் அதற்கு வேறு வழி காட்டவில்லை என்பதுதான் எங்கள் வருத்தம். மனிதன் இறந்தபின் அவனுடைய அமல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, அவனுக்காக துஆ செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றின் பலன் மட்டும் தொடர்கிறது என்பது நபிமொழி. மூன்றாவது அந்த இளைஞரின் கையிலேயே இருந்தது. ஒவ்வொரு தொழுகையிலும் அத்தாவுக்காகக் கை ஏந்தியிருக்கலாம். அத்தாவின் நினைவுக்காகப் பச்சை குத்தினார். குத்தியதால் தொழுகை கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, அத்தாவுக்குப் போய்ச் சேரும் ஒன்றை நிறுத்திவிட்டார்.

குத்திய பிறகு என்ன சட்டம்? மை தோலுக்குக் கீழே இருக்கிறது. தோலின் மேல் தண்ணீர் படத் தடையில்லை. ஆகவே உளூவும் குளிப்பும் நிறைவேறும். நகச்சாயம் நகத்தின் மேல் படலமாகப் படிந்து தண்ணீரைத் தடுப்பது வேறு. அந்தச் சட்டத்தை இதற்கு மாற்றிச் சொல்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில், அந்த இடத்தைக் கழுவினால் தூய்மையாகிவிடும். போகாத நிறம் பாதிக்காது என்பது இப்னு ஆபிதீன் போன்ற அறிஞர்களின் விளக்கம். ஷாஃபிஈ மத்ஹபில் சட்டம் சற்றுக் கடினம். இரத்தம் மையோடு கலந்து உறைந்த இடம் நஜீஸ். வயது வந்தபின் விரும்பிக் குத்தியிருந்து, தீங்கில்லாமல் அகற்ற முடியுமானால் அகற்ற வேண்டும் என்கிறார்கள். தீங்கு ஏற்படும் என்ற அச்சம் இருந்தால் அகற்ற வேண்டியதில்லை. தவ்பா போதும், தொழுகையும் கூடும். இந்தச் சட்டத்தில் பாதியை மட்டும் கேட்டவர்கள்தான் "தொழுகை கூடாது" என்று பரப்பியிருக்க வேண்டும். எந்த மத்ஹபிலும் பச்சை குத்தியவருக்குத் தொழுகையின் கடமை நீங்குவதில்லை. தொழாமல் இரு என்று எந்த இமாமும் சொன்னதில்லை.

லேசர் மூலம் அகற்றலாம். ஆனால் ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை செய்ய வேண்டும். கறுப்பு மை சீக்கிரம் போகும். பச்சையும் மஞ்சளும் அடம்பிடிக்கும். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் வெள்ளைத் திட்டோ தடித்த தழும்போ விழக்கூடும். குத்த ஆன செலவைவிட அழிக்க ஆகும் செலவு பல மடங்கு. உங்களுக்கு எது தீங்கு, எது தாங்கக்கூடியது என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்டு, பிறகு ஆலிமிடம் சொல்லி முடிவெடுங்கள். அழகு நிலையத்தில் கேட்க வேண்டாம். அமிலம் தடவி அழிக்கும் விபரீதமும் வேண்டாம்.

மய்யித்தாகிவிட்டால் அந்தத் தோலை உரித்துவிடுவார்களா என்று ஒரு தாய் எங்களிடம் அழுதபடி கேட்டிருக்கிறார். இல்லை. எல்லா மய்யித்தையும் போலவே குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுகை நடத்தி அடக்குவோம்.

அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களை அறியாதவர்கள் இருக்க முடியாது. அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் போனவர்கள். ஜஅஃபர் (ரலி) அவர்களுக்கும், பிறகு அபூபக்ர் (ரலி) அவர்களுக்கும், அவர்களுக்குப் பின் அலீ (ரலி) அவர்களுக்கும் மனைவியாக இருந்தவர்கள். அபூபக்ர் (ரலி) நோயுற்றிருந்தபோது அருகிலிருந்து பணிவிடை செய்த அவர்களின் கைகளில் பச்சை குத்திய தடத்தைப் பார்த்ததாக கைஸ் இப்னு அபீ ஹாஸிம் அறிவிக்கிறார். தடைக்கு முன் குத்தியது என்பது அறிஞர்களின் விளக்கம். நம் ஊரிலும் இஸ்லாத்தை ஏற்ற குடும்பங்களின் பாட்டிமார் சிலர் முன்கையில் பச்சைக் கோலத்தோடுதான் ஐவேளை தொழுதார்கள். அவர்களை யாரும் ஸஃப்பிலிருந்து எழுப்பியதில்லை.

பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை தக்பீர் கட்டக் கையைத் தூக்கும்போது சட்டை விலகினால் பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியது இருந்தால் தொழுகை முடிந்து தனியே, அவருடைய பேச்சையும் கேட்டுச் சொல்லுங்கள்.

அந்த இளைஞரை நமது இமாம் ஸாஹிபிடம் அழைத்துச் சென்றோம். முதலில் அவர் பச்சையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அத்தாவைப் பற்றிக் கேட்டார். அன்று மஃரிபுக்கு இருவரும் ஒன்றாகவே உள்ளே போனார்கள். லேசருக்கு மருத்துவரைப் பார்ப்பதா என்பதை அவரும் அம்மாவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 12 மாதக் கணக்கு ஷஅபான் கடைசியில் முடிகிறது. அதற்கடுத்த முகாமின் பதிவேட்டில் தன் பெயரை அவரே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.