கொடிக்கால் கற்றுத்தரும் அடுக்கு விவசாயம்

பரமத்தி வேலூரை ஒட்டிய காவிரிக்கரையில், ராஜ வாய்க்கால் பாயும் ஊர்களில், வெற்றிலைக் கொடிக்கால் போடுகிறவர்கள் முதலில் நடுவது வெற்றிலையை அல்ல, அகத்தியை. அகத்தி ஓரளவு வளர்ந்ததும் அதனடியில் கொடியைப் பதித்து, மேலே ஏற ஏறக் கட்டிவிடுகிறார்கள். சுமார் 4 மீட்டர் உயரத்தில் அகத்தியின் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். ஓரத்தில் நிற்கும் வாழை காற்றைத் தடுக்கிறது. அகத்திக்கீரை ஆட்டுக்கும் வீட்டுக்கும் ஆகிறது. கை எட்டாத உயரத்துக்குக் கொடி போய்விட்டால், இறக்கிச் சுருட்டி மண்ணில் பதித்து மறுபடி ஏற்றுகிறார்கள். நிலத்தை விரிக்காமல் உயரத்தில் விளைச்சல் எடுக்கும் இந்த வித்தையை, சேலம் போன்ற நெருக்கமான நகரத்தில் அடுக்குப் பண்ணை அமைக்க நினைப்பவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

அடுக்குப் பண்ணை என்றதும் நினைவுக்கு வருவது, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டிக்சன் டெஸ்போமியர் 1999-இல் மாணவர்களோடு வரைந்த மாடிக்கட்டடக் கனவுதான். அதன் பிறகு எழுந்த, மூடிய அறையில் எல்.இ.டி. வெளிச்சத்தில் கீரை வளர்க்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் பெரும் முதலீடு திரட்டின. ஏரோஃபார்ம்ஸ் 2023-இல் திவால் மனு கொடுத்தது. பவரி 2024-இல் மூடப்பட்டது. ஒரு கிலோ கீரைக்குச் சுமார் 10 யூனிட் மின்சாரம் செலவானால் எந்தக் கணக்கும் உதைக்கத்தான் செய்யும். சேலத்தில் ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட்டுக்குக் குறையாத வெயில் சும்மா விழுகிறது. அதை மறைத்துவிட்டு உள்ளே விளக்குப் போடுவது நமக்கு வேண்டாத வேலை.

சிங்கப்பூரின் ஸ்கை கிரீன்ஸ் பண்ணை இதைப் புரிந்துகொண்டது. அங்கே 9 மீட்டர் உயரச் சட்டங்களில் தட்டுகள் மெல்லச் சுழன்று, எல்லாச் செடிக்கும் வெயில் காட்டின.

நம் வெயிலின் போக்கு வேறு. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நண்பகல் சூரியன் சேலத்தின் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் உச்சிக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஆகவே மேலைநாட்டுப் படத்தைப் பார்த்துத் தெற்குச் சுவரில் தொட்டி மாட்டினால் கோடையில் செடிக்கு வெயிலே கிடைக்காது. மொட்டைமாடியில், கூரைச் சாய்வுபோல் இருபுறமும் இறங்கும் சட்டத்தை வடக்கு தெற்காக நீளவைத்தால், ஒரு பக்கம் காலை வெயிலும் மறுபக்கம் மாலை வெயிலும் விழும். இரண்டு மூன்று தட்டுக்கு மேல் வேண்டாம், கீழ்த்தட்டு இருண்டுவிடும். மேலே அரைக்கீரை, தண்டுக்கீரை. கீழே நிழல் தாங்கும் புதினா. சித்திரை வைகாசியில் பாதி வெயிலை வடிக்கும் நிழல்வலை கட்டாயம்.

தக்காளியும் கத்தரியும் மாடிக்கு ஏற வேண்டியதில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து அவை உழவர் சந்தைக்கு விடியற்காலையிலேயே வந்துவிடுகின்றன. சில மணி நேரத்தில் வாடும் கீரைக்குத்தான் மாடி லாபம்.

கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது எடை. வீட்டு மொட்டைமாடியின் தளத்தைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்கே கணக்கிடுகிறார்கள். ஓரடி கனத்துக்கு ஈரமண் போட்டால் அது 500 கிலோவை நெருங்கும். அதனால்தான் தோட்டக்கலைத் துறை தரும் மாடித்தோட்டத் தொகுப்பில் மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு வருகிறது. அதோடு நாமக்கல் பண்ணைகளின் மக்கிய கோழி எருவைக் கொஞ்சம் கலந்தால் கீரைக்குப் போதும். சட்டத்தின் கால்களை மட்டும் தளத்தின் நடுவில் ஊன்றாமல், கீழே தூணும் உத்தரமும் ஓடும் இடம் பார்த்து ஊன்ற வேண்டும். கொத்தனாரை நம்பாமல் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிவிடுவது நல்லது.